அத்தியாயம் 7: ஓவர்லாக்கும் ஒற்றை ஊசியும் (ஒரு கிளாஸிலிருந்து கிளை பிரிப்பது எப்படி)

திருப்பூரில் ஒருவரிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் 'டெய்லர்' என்று மட்டும் சொல்லி நிறுத்தமாட்டார். 'ஓவர்லாக்' என்பார். 'பேட்லாக்' என்பார். 'சிங்கர்', 'கட்டிங்', 'செக்கிங்', 'அயர்ன்', 'கைமடி' என்று ஏதோ ஒன்றைச் சொல்வார். உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசிப் போடும் சம்பள ஒப்பந்தத்திலும் இந்தப் பெயர்கள் தனித்தனி வரிகளாகவே வரும். வெளியூர்க்காரருக்கு எல்லாம் தையல்தான். உள்ளே இருப்பவருக்கு ஒவ்வொன்றும் வேறு கை, வேறு கண், வேறு கூலி.

ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேமுக்குப் புதுக் கிளை யோசிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் பனியன் கம்பெனிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கிளாஸ் என்பது ஆட்டத்தில் சேரும்போது நாம் எடுக்கும் அடிமரம்: வீரன், மந்திரவாதி, வைத்தியர், வணிகர், தையல்காரர். கொஞ்ச தூரம் வளர்ந்த பிறகு அந்த மரத்தில் எந்தப் பக்கம் போகிறோம் என்பது கிளை. எனக்கு வரும் யோசனைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. வீரனுக்கு 'நெருப்பு வீரன்' கிளை, 15 சதவீதம் கூடுதல் அடி. மறுபக்கம் 'பனி வீரன்' கிளை, 15 சதவீதம் எதிரியின் வேகம் குறையும். விளையாடுபவரின் விரல் இரண்டிலும் அதே பொத்தானைத்தான் அழுத்தப்போகிறது. சாயம் மாறியிருக்கிறதே தவிர, துணி மாறவில்லை.

இந்த அத்தியாயத்தில் 'தையல்காரர்' என்ற ஒரே கிளாஸை எடுத்து, திருப்பூர் எப்படிப் பிரித்ததோ அப்படியே பிரித்துப் பார்ப்போம். உங்கள் கிளாஸ் வில்லாளியாக இருக்கலாம், மந்திரவாதியாக இருக்கலாம். முறை ஒன்றுதான்.

மெஷின் மாறினால் முடிவு மாறும்

ஓவர்லாக் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். துணியின் ஓரம் உள்ளே போகும்போதே ஒரு சின்னக் கத்தி அதை வெட்டிக்கொண்டு போகும். வெட்டிய ஓரத்தை நூல் சுற்றிப் பூட்டிவிடும். வெட்டும் தையலும் ஒரே ஓட்டம். கீழே பாபின் கிடையாது. மேலே நிற்கும் கோன்களிலிருந்து நூல் வந்துகொண்டே இருக்கும். அதனால் நிறுத்தாமல் ஓட்டலாம், வேகமாக ஓட்டலாம். சைடு, தோள், கை ஏற்றுவது எல்லாம் இதில்தான். பின்னல் துணி இழுபடும், அதோடு சேர்ந்து இந்தத் தையலும் இழுபடும்.

பக்கத்து மெஷின் ஒற்றை ஊசி. ஊர் வழக்கில் சிங்கர். மேல்நூல் ஒன்று, கீழே பாபினில் ஒன்று. போலோ டீ-ஷர்ட்டின் பட்டி, காலர், லேபிள் என நேர்த்தி வேண்டிய இடங்களுக்கு இதுதான். வேகம் குறைவு. பாபின் நூல் தீர்ந்தால் நிறுத்தி மாற்ற வேண்டும். பின்னல் துணியின் நீளமான சைடில் இந்தத் தையலைப் போட்டு இழுத்தால் நூல் தெறித்துவிடும்.

முப்பது வருடம் மெஷினில் உட்கார்ந்த ஒரு அம்மாவிடம் இந்த இரண்டில் எது கஷ்டம் என்று ஒருமுறை கேட்டேன். அவர் தலை நிமிராமலே சொன்னார்: "சிங்கர்ல தப்புப் போட்டாப் பிரிச்சுத் தெச்சுக்கலாம், கண்ணு. ஓவர்லாக்குல கை தப்புச்சுன்னா துணியே போச்சுங்க."

கிளை பிரிக்கும் கலை முழுக்க அந்தப் பதிலில் இருக்கிறது. ஒன்றில் தவறைத் திருத்திக்கொள்ளலாம், மெதுவாகத்தான் போக முடியும், இடையிடையே நிற்க வேண்டும். இன்னொன்றில் நிற்கவே வேண்டாம், ஆனால் தவறு திரும்பாது. இரண்டு பேரும் தையல்காரர்கள். இரண்டு பேரின் மனநிலையும் ஒன்றல்ல. ஓவர்லாக் கிளையை எடுக்கும் ஆட்டக்காரர் ஒவ்வொரு நொடியும் 'இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாமா?' என்று தன்னையே கேட்டுக்கொள்வார். ஒற்றை ஊசிக் கிளைக்காரரின் கேள்வி வேறு: 'பாபினை இப்போது மாற்றவா, இந்தப் பட்டியை முடித்துவிட்டு மாற்றவா?' சக்தி அளவு என்று திரையில் ஒரு நீலக்கோடு வரைவதைவிட, தீர்ந்துகொண்டே வரும் ஒரு பாபினைக் காட்டுங்கள். யாரும் விளக்கிச் சொல்லாமலே புரியும்.

மூன்றாவது பேட்லாக். கையின் முனையும் அடிவிளிம்பும் மடித்து அடிப்பது இதில். மற்றவர்கள் முடித்ததன்மேல் வேலை செய்பவர் இவர். முன்னால் நடந்த பிழையெல்லாம் இவர் கையில் வந்துதான் வெளிச்சத்துக்கு வரும். ஆட்டத்தில் இந்தக் கிளைக்கு 'கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பு' என்ற ஒரே ஒரு திறன் போதும்.

தைப்பதற்கு முன்னால் கட்டிங் மாஸ்டர் இருக்கிறார். ரோலில் இறுகிச் சுற்றியிருந்த பின்னல் துணி, பிரித்துப் போட்ட பிறகு மெல்லச் சுருங்கித் தன் நிலைக்கு வரும். அதற்குச் சில மணி நேரம் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். பொறுக்காமல் வெட்டினால் வெட்டிய துண்டுகள் பிறகு சுருங்கி அளவு குறைந்துவிடும். ஷிப்மென்ட் தேதியோ கழுத்தைப் பிடிக்கும். காத்திருப்பதையே திறமையாக வைத்த கிளையை நான் அதிகம் பார்த்ததில்லை. யாராவது செய்தால் முதல் ஆளாகப் போய் விளையாடுவேன்.

ஆக, முதல் சோதனை இதுதான். உங்கள் புதுக் கிளையில் எண்களை எல்லாம் அழித்துவிட்டுப் படியுங்கள். ஆட்டக்காரர் எடுக்கும் முடிவு மாறியிருக்கிறதா? மாறவில்லை என்றால் அது கிளை அல்ல, புதுச் சட்டை.

யாரிடமிருந்து எடுக்கிறீர்கள்?

1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மூன்றே கிளாஸ்தான்: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி. பூட்டைத் திறக்க வேண்டுமா, சுவரேற வேண்டுமா, யார் வேண்டுமானாலும் முயலலாம். அடுத்த ஆண்டு 'கிரேஹாக்' என்ற இணைப்பு நூலில் திருடன் என்ற கிளாஸ் சேர்ந்தது. பூட்டும் சுவரும் திருடனின் திறமைப் பட்டியலுக்குள் போயின. அதுவரை தாமே முயன்று பார்த்த வீரர்கள் 'அது திருடன் வேலை' என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஒருவருக்கு ஒரு திறமையைப் பெயர்சூட்டிக் கொடுக்கும்போது மற்ற எல்லாரிடமிருந்தும் அதைப் பிடுங்குகிறோம். யோசனை எழுதுகிறவர்கள் மறந்துபோகிற முதல் விஷயம் இது.

பிரிக்காமல் விட்டாலும் சங்கடம் உண்டு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் டிரூயிட் என்ற கிளாஸுக்கு ஃபெரல் என்ற கிளை ஒன்று. பூனையாக மாறி அடிப்பதும், கரடியாக மாறி அடி தாங்குவதும் அந்த ஒரே கிளைக்குள் கிடந்தன. 2012-ல் கரடியைத் தனியாகப் பிரித்து கார்டியன் என்று பெயர் வைத்தார்கள். மற்ற கிளாஸ்களுக்கு மூன்று கிளை இருக்க, டிரூயிடுக்கு மட்டும் நான்கானது. வரிசை குலையுமே என்று அவர்கள் தயங்கவில்லை. வேலை இரண்டாக இருந்தால் கிளையும் இரண்டாக இருக்க வேண்டும். 'எல்லாக் கிளாஸுக்கும் மூன்று' என்ற அழகுக்காக இல்லாத வேலையை உண்டாக்காதீர்கள், இருக்கிற வேலையை ஒளிக்காதீர்கள்.

நேர்மாறாக நடந்தது ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸில். 2003-ல் வெளிவந்தபோது அதில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள். தையல்காரர் உண்டு, நடனக்காரர் உண்டு. சண்டையே போடாமல் உடை தைத்துக் கொடுத்து ஊரில் பெயர் வாங்கியவர்கள் அதில் இருந்தார்கள். 2005 நவம்பரில் எல்லாவற்றையும் ஒன்பதாகச் சுருக்கினார்கள். தையல்காரர் வணிகர் என்ற பொதுக்குடைக்குள் போனார். எளிமையாக இருந்தால் புது ஆட்கள் வருவார்கள் என்று நினைத்தார்கள். பழைய ஆட்கள் கொதித்துப்போய் வெளியேறினார்கள். 2011 டிசம்பரில் ஆட்டத்தையே மூடிவிட்டார்கள். மூடியதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் ஓவர்லாக்காரரையும் பேட்லாக்காரரையும் கூப்பிட்டு 'நாளை முதல் நீங்கள் எல்லாரும் வெறும் டெய்லர்' என்று சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தெரியவில்லை.

கைமடி

பவர் டேபிள் என்பது ஒரே மோட்டாரில் பல மெஷின்கள் ஓடும் நீண்ட மேசை. டெய்லருக்கு எதிரிலோ பக்கத்திலோ ஒருவர் நிற்பார், பெரும்பாலும் பெண். அடுத்த துண்டை நேராக்கி, ஓரம் பொருத்தி, டெய்லரின் கைக்குக் கொடுப்பார். தைத்ததை வாங்கி, நூல் வெட்டி, அடுக்குவார். அவர்தான் கைமடி. அவர் வராத நாளில் டெய்லரின் கணக்கு சரியும். வந்த நாளில் டெய்லரின் கணக்கு ஏறும். பீஸ் எண்ணிக்கை எழுதும் நோட்டில் அவர் பெயர் எங்கும் இருக்காது.

எங்கள் வீட்டில் ஒருவர் பல வருடம் கைமடியாக நின்றவர். எத்தனை பீஸ் போனது என்று கேட்டால் டெய்லரின் எண்ணிக்கையைச் சொல்வார். அவருடையது என்று தனியாக ஒரு எண்ணிக்கை இருந்ததே இல்லை. அந்தக் கம்பெனியில் யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. எனக்கு அது இன்றைக்கும் வலிக்கிறது. இந்த நூலில் நான் ஒரே ஒரு கிளைக்காக வாதாட வேண்டுமென்றால் அது இதுதான்.

உலகத்துப் பெரிய ஆட்டமும் இதே இடத்தில் இடறியிருக்கிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2023-ல் எவோக்கர் கிளாஸுக்கு ஆக்மென்டேஷன் என்ற கிளையைச் சேர்த்தார்கள். தான் அடிப்பதைவிடக் கூட இருப்பவர்களின் அடியைக் கூட்டிக்கொடுப்பதுதான் அதன் வேலை. சச்சரவு உடனே வந்தது. கூடிய அடியை யார் கணக்கில் எழுதுவது? அடித்தவர் கணக்கிலா, கூட்டிக்கொடுத்தவர் கணக்கிலா? அளவிடும் கருவிகளையே திருத்த வேண்டியிருந்தது. யார் கணக்கிலும் சரியாக ஏறாத உழைப்பை யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கமாட்டார்கள்.

கைமடிக் கிளையை வடிவமைக்கும்போது மூன்று விஷயங்களை விட்டுவிடாதீர்கள். அவரால் கூடிய பீஸ் தனியாக எண்ணப்பட்டுத் திரையில் தெரிய வேண்டும். அவர் வெறும் கூட்டல்குறியாக நிற்கக் கூடாது, அவருக்கென்று முடிவுகள் வேண்டும்: எந்த டெய்லருக்கு முதலில் கொடுப்பது, கறை பட்ட துண்டை எடுத்து வைப்பதா, ஓட விடுவதா. கடைசியாக, தைத்த பொருளில் தைத்தவர் பெயரோடு அவர் பெயரும் பதிய வேண்டும்.

காகிதத்தில் ஒரு மதியம்

நிரல் எழுதும் முன் நான்கு நண்பர்கள், ஒரு பகடை, ஒரு நோட்டு போதும். கீழே உள்ளவை என் சோதனைக்கான எண்கள், எந்தக் கம்பெனியின் உற்பத்திக் கணக்கும் அல்ல.

ஓவர்லாக் ஒரு சுற்றுக்கு 3 பீஸ். ஒவ்வொரு சுற்றிலும் பகடை. 1 விழுந்தால் ஒரு பீஸ் வீண். ஒற்றை ஊசி சுற்றுக்கு 1 பீஸ், வீண் கிடையாது. 5 சுற்றுக்கு ஒருமுறை பாபின் மாற்ற ஒரு சுற்று போகும். 12 சுற்று ஓட்டுங்கள். ஓவர்லாக் 36 பீஸ் முடிக்கும், சராசரியாக 2 வீணாகும், மிச்சம் 34. ஒற்றை ஊசி 10. பார்த்தவுடன் ஓவர்லாக் அநியாயத்துக்கு வலுவாகத் தெரியும். ஒற்றை ஊசியை வேகமாக்கக் கை பரபரக்கும். பொறுங்கள். முடிந்த போலோ ஒன்றுக்கு இருவரின் வேலையும் வேண்டும் என்ற விதியை மட்டும் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். மேசையில் பட்டி இல்லாத போலோக்கள் மலையாகக் குவியும். ஓர் ஓவர்லாக்காரருக்கு மூன்று ஒற்றை ஊசிக்காரர்கள் தேவைப்படுவார்கள், அப்போதும் 30 பட்டிதான் முடியும். ஒற்றை ஊசியின் கூலி தானாக ஏறும். கிளைகளுக்குள் சமநிலையை எண்ணால் கொண்டுவராதீர்கள், தேவையால் கொண்டுவாருங்கள்.

பிறகு கைமடியைச் சேருங்கள். அவர் பக்கத்தில் நின்றால் ஓவர்லாக்குக்குச் சுற்றுக்கு 4 பீஸ். 12 சுற்றில் 48. கூடிய 12-ஐ அவர் பெயரில் எழுதுங்கள். எங்கள் சோதனையில் அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் கைமடியாக இருக்க ஒருவர் தானாக முன்வந்தார்.

சாயக் கிளையும் பொது நதியும்

தையல்காரருக்குச் சாயம் தோய்க்கும் கிளை வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றும். சுவாரசியமான கிளைதான். ஒரே நிறம் என்று சொன்னாலும் ஒவ்வொரு லாட்டும் கொஞ்சம் வேறு ஷேடு. இரண்டு லாட் துணியைக் கலந்து தைத்தால் உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம் என்று நிற்கும். கட்டுக் கட்டாகப் பிரித்து எண் போட்டு வைப்பதே அதற்காகத்தான். ஆட்டத்திலும் லாட் எண் வையுங்கள்.

சாயத்தோடு கழிவுநீர் வரும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகப் போய்க் காவிரியில் சேரும் நொய்யல், பல ஆண்டுகள் சாய நிறத்தில் ஓடியது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் பாசனத்துக்கு உதவாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாமல் சுத்திகரித்து, நீரையும் உப்பையும் மறுபடி பயன்படுத்தினால்தான் ஓட்டலாம் என்றான பிறகே பட்டறைகள் திறந்தன.

ஆட்டத்தில் இது எப்படி வரும்? அல்டிமா ஆன்லைன் 1997-ல் வெளிவருவதற்கு முன், ராஃப் காஸ்டரும் அவர் குழுவும் அதில் ஓர் உயிர்ச்சூழலையே கட்டிவைத்தார்கள். புல், முயல், ஓநாய் என ஒன்றை ஒன்று நம்பிய சங்கிலி. ஆட்டக்காரர்கள் உள்ளே வந்து கண்ணில் பட்டதையெல்லாம் கொன்று தீர்த்தார்கள். சங்கிலி ஓடுவதற்கே நேரம் கிடைக்கவில்லை, அதைக் கழற்றிவிட்டார்கள். பொதுச் சொத்தை ஆட்டக்காரர்களின் நல்லெண்ணத்தை நம்பி விடக் கூடாது. ஆகவே சாயக் கிளைக்கு ஒரு நதி அளவுகோல் வையுங்கள், சர்வரில் உள்ள எல்லாருக்கும் பொதுவாக. ஒவ்வொரு தோய்ப்பும் அதைக் கொஞ்சம் கறுக்க வைக்கட்டும். ஓர் எல்லை தாண்டினால் எல்லாச் சாயப்பட்டறைகளும் ஒரே நாளில் பூட்டப்படட்டும். சுத்திகரிப்பைக் கற்றவர் மட்டும் தொடரலாம். அப்போது 'சுத்திகரிப்பாளர்' என்ற கிளையை நீங்கள் விளம்பரம் செய்ய வேண்டியதில்லை, எல்லாரும் தேடிக்கொண்டு போவார்கள்.

வணிகருக்கு இரண்டு வாசல்

ரக்னராக் ஆன்லைனில் வணிகர் என்ற கிளாஸ் தள்ளுவண்டி வைத்துக்கொண்டு தெருவில் கடை போடும். அது வளர்ந்து கொல்லராகவோ ரசவாதியாகவோ மாறும். திருப்பூர் வணிகருக்கு நான் தரும் கிளைகள் இரண்டு. ஒருவர் மெர்ச்சண்டைசர். மெஷின் தொடாதவர். பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் சாம்பிளோடும் தேதியோடும் போராடுபவர். கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும், லாபம் அதிலேயே போய்விடும். இன்னொருவர் காதர்பேட்டை வியாபாரி. செகண்ட்ஸும் ஏற்றுமதியில் மிஞ்சியதும் இவர் சரக்கு. ஓவர்லாக் கிளைக்காரரின் கை தப்பிய பீஸ் இவர் கடையில் உயிர்பெறும். ஒரு கிளையின் பிழை இன்னொரு கிளையின் சரக்காக அமைந்தால் உங்கள் வடிவமைப்பு ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

யோசனையை அனுப்பும்போது ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். கிளையின் பெயர், அது எடுக்கும் புது முடிவு, அதால் செய்ய முடியாதது, அது யாரை நம்பியிருக்கிறது, யாரிடமிருந்து எதை எடுக்கிறது. இவை போதும். சேதத்தின் சதவீதத்தை வடிவமைப்பாளர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கிளையை மாற்றிக்கொள்ளும் விலையையும் எழுதுங்கள். தொடக்க கால வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் முதல் மாற்றத்துக்கு 1 தங்கம், பிறகு 5, அப்படியே ஏறி 50-ல் நின்றது. ஃபைனல் ஃபேன்டஸி 14-ல் கைத்தொழில்கள் எட்டு, நெசவாளரும் அதில் ஒருவர். ஒரே ஆள் எட்டையும் கற்கலாம். 2015-ல் வந்த ஹெவன்ஸ்வார்டு விரிவாக்கத்தில் அவற்றுள் மூன்றில் மட்டும் ஸ்பெஷலிஸ்ட் ஆகலாம் என்று வைத்தார்கள். இந்த இரண்டாவது வழியே எனக்குப் பிடித்தது. திருப்பூரில் சிங்கர் ஓட்டுகிறவருக்கு ஓவர்லாக்கும் ஓட்டத் தெரியும். ஆனாலும் ஆள் எடுக்கும்போது அவர் சொல்லும் பெயர் ஒன்றுதான்.

பெயரில் ஓர் எச்சரிக்கை. 'சிங்கர்' ஒரு தையல் மெஷின் கம்பெனியின் பெயர். பேச்சுக்குச் சரி, ஆட்டத்துக்குள் வைத்தால் வழக்கு வரலாம். 'ஒற்றை ஊசி' என்று வையுங்கள். அதற்காக 'நூல் மாயாவி', 'பட்டு நிழலாளன்' என்று போகவும் வேண்டாம். 'கைமடி' என்ற சொல்லைவிட அழகான கிளைப் பெயர் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் ஒரு வேலை. உங்கள் ஊரின் பட்டறை, மில், மார்க்கெட், மீன்பிடித் துறை எதுவாயினும் ஒரு நாள் போய் நில்லுங்கள். அங்கே யார் பெயர் நோட்டில் ஏறவில்லை என்று கேளுங்கள். அவருக்கு ஒரு கிளை எழுதிக்கொண்டு வாருங்கள்.